வெட்டக் கூடாத வரிசை

ஊட்டியில் ஒரு பெண்மணி பதினோரு வருடம் காப்பாற்றி வந்த ஒரு பூவின் விதையை, ஒரு வெள்ளிக்கிழமை காலையில் அரை மணி நேரத்தில் நான் அழித்தேன். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அவர் சொல்லிவிட்டுப் போனதை ஒரு சொல் பிசகாமல் செய்தேன். அவருடைய பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அச்சில் வருவது அவருக்குப் பிடிக்காது. ஊரில் எல்லோருக்கும் அவர் எக்ஸ்சேஞ்ச் அக்கா. நானும் அக்கா என்றே கூப்பிட்டேன்.

முகத்தைப் பார்ப்பதற்கு முன்பு ஒரு வருடம் அவரைக் குரலாக மட்டுமே அறிவேன். எழுபதுகளின் பிற்பகுதி. கோவையில் அச்சாகும் ஒரு நாளிதழுக்கு நான் நீலகிரி நிருபர். சாதாரணச் செய்திகள் உறையில் போட்டு மேட்டுப்பாளையம் பஸ்ஸில் போகும். அவசரச் செய்தி டிரங்க் காலில். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் காலை ஷிப்டில் இருந்த ஆபரேட்டர், பர்லியாறு வளைவில் லாரி கவிழ்ந்ததை நான் ஒப்பித்துக்கொண்டிருக்கும்போது நடுவில் புகுந்து, "மூணு நிமிசம் ஆச்சுங்க" என்பார். மற்ற ஆபரேட்டர்கள் இன்னொரு மூன்று நிமிடம் வேண்டுமா என்று கேட்பார்கள். இவர், "இன்னும் எத்தனை வரிங்க?" என்பார்.

"அஞ்சு வரி மேடம்."

"அஞ்சையும் ரெண்டாக்கிச் சொல்லுங்க. அதுவரைக்கும் விடறேன்."

இரண்டாக்கிச் சொல்வேன். லைன் போய்விடும். அந்த வருடம் என் செய்திகள் சுருக்கமாக வருவதாக ஆசிரியர் குழுவில் பாராட்டினார்கள்.

பிறகு காந்தலில் ஒரு சரிவில் வாடகைக்கு வீடு கிடைத்தது. குடிபோன மறுநாள் காலை வாசலில் நின்று இருமினேன். வேலிக்குக் கீழேயிருந்து, "ஏனுங்க, பிரஸ்ஸுங்களா?" என்று ஒரு குரல். "இருமலை வெச்சே தெரிஞ்சுது. போன்லயும் இப்படித்தான் இருமுவீங்க." ஐம்பதை ஒட்டிய வயது. ஒல்லியான உருவம், காபிக்கொட்டை நிற ஸ்வெட்டர், காதை மூடிய மப்ளர். இடுப்பில் நாடா கட்டித் தொங்கும் தையல்காரக் கத்தரிக்கோல். அந்த வீட்டில் தனியாக இருந்தார். ஏன் என்று நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

என் சன்னலிலிருந்து பார்த்தால் அவருடைய தோட்டம் ஏறக்குறைய முழுவதும் தெரியும். ஐந்து படிகளாக வெட்டிய ஐந்து பாத்திகள். அக்டோபர் மழை ஓயும்போது நேராக மண்ணில் விதைப்பார். நாற்றங்கால், தொட்டி என்று எதுவும் கிடையாது. ஸ்டாக், கார்ன்ஃபிளவர், காலெண்டுலா, ஸ்வீட் பீ என்கிற பூப்பட்டாணி, லார்க்ஸ்பர். ஒரு வருடம் வாழ்ந்து முடியும் செடிகள்; ஆனால் பனியில் சாகாதவை. டிசம்பரில் அவை தரையோடு தரையாக ஒட்டிக் கிடக்கும். காலையில் பார்த்தால் பாத்தி முழுவதும் உப்புத் தூவியது போல உறைபனி. வெயில் ஏறி ஒன்பது மணி ஆகும்போது ஒவ்வொன்றாகத் தலை தூக்கும்.

காந்தல் பள்ளமான இடம். பனி அங்கே மற்ற இடங்களைவிட அதிகம் இறங்கும். அக்கம்பக்கத்தில் எல்லோரும் கோத்தகிரிப் பக்கமிருந்து மிலார் தழையை வாங்கி, பொழுது சாய்வதற்குள் செடிகளைப் போர்த்திவிட்டு, காலையில் எடுப்பார்கள். அரசுப் பூங்காவிலும் அப்படித்தான். அக்கா மட்டும் ஒரு தழையும் போட மாட்டார். பக்கத்து வீட்டம்மாள் ஒருமுறை இரக்கப்பட்டு ஒரு கட்டு மிலாரை வேலி தாண்டிப் போட்டார். அக்கா அதை அடுப்பெரிக்க வைத்துக்கொண்டார்.

"மூடி வளத்தா, குளுருன்னு ஒண்ணு இருக்கறதே செடிக்குத் தெரியாதுங்க தம்பி. மார்ச்சுல ஒரு காத்தடிச்சா மடங்கிப் படுத்துரும்."

செடி நான்கு விரல் உயரம் வந்ததும் வரிசையாகக் குனிந்து எல்லாவற்றின் நுனியையும் கிள்ளிப் போடுவார். நல்ல செடி, நோஞ்சான் செடி என்று பார்ப்பதில்லை. முதல் தடவை பார்த்தபோது ஏதோ கோபத்தில் செய்கிறார் என்றே நினைத்தேன். "ஒத்தைத் தலை எதுக்குங்க? நாலஞ்சு கிளை வரட்டும்" என்றார்.

பிப்ரவரி கடைசியில் பூக்கத் தொடங்கும். அன்றிலிருந்து அவர் கத்தரிக்கோல் ஓயாது. டியூட்டிக்குப் போகும் முன், விடிந்தும் விடியாத வெளிச்சத்தில், இரண்டு தகர வாளிகளில் தண்ணீரோடு இறங்குவார். பாதி விரிந்த பூக்களாகப் பார்த்து, நீளக் காம்போடு வெட்டி, கீழ் இலைகளை உருவிவிட்டு, உடனே தண்ணீரில் வைப்பார். அரை மணி நேரத்தில் தோட்டம் வெறும் பச்சை. முழுவதும் விரிந்த பூ ஒன்றை அந்தத் தோட்டத்தில் நான் பார்த்ததே இல்லை.

"கொஞ்சம் செடியிலேயே இருந்தா அழகாத்தானே இருக்கும்?" என்று கேட்டேன்.

"இருந்தா காய் புடிக்கும். காய் புடிச்சா செடி வேலை முடிஞ்சுதுன்னு நின்னுக்கும். வெட்டிக்கிட்டே இருந்தாத்தான் அது பூத்துக்கிட்டே இருக்கும்."

வெட்டிய பூக்கள் ஒரு நாள் அரசு ஆஸ்பத்திரிப் பெண்கள் வார்டுக்குப் போகும். ஒரு நாள் நூலகத்து மேசைக்கு. தபாலாபீஸ் கவுண்டருக்கு, குழந்தை பிறந்த வீட்டுக்கு, சாவு விழுந்த வீட்டுக்கு. விற்றதில்லை. யார் வீட்டுக்குள்ளும் போனதுமில்லை. படியில் வைத்துவிட்டு வந்துவிடுவார். யாராவது நன்றி சொல்ல வாயெடுத்தால், "டியூட்டிக்கு நேரமாச்சுங்க."

மே மாத மலர்க் கண்காட்சிக்கு முன்பு வீட்டுத் தோட்டப் போட்டி நடக்கும். ஒரு வருடம் எக்ஸ்சேஞ்சில் யாரோ அவருக்குத் தெரியாமல் அவர் பெயரைக் கொடுத்துவிட்டார்கள். ஒரு ஞாயிறு காலை பத்து மணிக்கு மூன்று நடுவர்கள் வந்தார்கள். ஐந்து பாத்தியும் பச்சை. அதில் மூத்தவர் தொப்பியைக் கழற்றிவிட்டு, "பூ எங்கேம்மா?" என்றார்.

"பாதி ஆஸ்பத்திரியில இருக்குது, பாதி லைப்ரரியில இருக்குதுங்க. அங்க போயி மார்க் போடுங்க."

பரிசு பெற்றோர் பட்டியலை மறுநாள் நான்தான் அனுப்பினேன். அதில் அவர் இல்லை. என்ன ஆயிற்று என்று அவர் கேட்கவுமில்லை.

பூவைக் கேட்டால் கொடுப்பார், கேட்காமலும் கொடுப்பார். விதை கேட்டால் மட்டும் அவருக்குக் காது கேட்காது. அந்த லார்க்ஸ்பரில் ஒரு நீலம் இருந்தது. கடைப் பொட்டலத்தில் வரும் லார்க்ஸ்பர் இளஞ்சிவப்பாகவும் வெள்ளையாகவும் வெளிறிய ஊதாவாகவும் பூக்கும். இது மைப்புட்டியில் தோய்த்து எடுத்ததைப் போன்ற நீலம், இதழ் அடுக்கு. ஊட்டியில் வேறு எங்கும் அதை நான் பார்த்ததில்லை. பக்கத்து வீட்டம்மாள் வேலியோரம் வந்து, "ஏனுங்க்கா, அந்த நீலத்துல ரெண்டு விதை குடுங்களேன்" என்பார்.

"சாயங்காலம் மழை வரும்போல இருக்குதுங்க."

"விதைங்க்கா, விதை."

"துணியெல்லாம் எடுத்து உள்ள போட்டுருங்க."

இடி இடிக்கும்போது கோத்தகிரி லைனில் முனகுகிற குரலையும் சரியாகப் பிடிக்கிறவர். நான் சிரித்ததைப் பார்த்துவிட்டு, "பூ ஊருக்குங்க தம்பி. விதை எனக்கு" என்றார்.

விதையை எங்கே எடுக்கிறார் என்று எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. அதனால்தான் அது நடந்தது.

ஏப்ரல் கடைசியில் நாடுகாணியில் இருந்த அவருடைய தங்கைக்குக் கால் முறிந்துவிட்டது. அக்கா மூன்று வாரம் லீவு போட்டுவிட்டு, கத்தரிக்கோலை என்னிடம் கொடுத்தார். எந்தக் கிழமை எங்கே பூ போக வேண்டும் என்று ஒரு தாளில் எழுதியிருந்தார்.

"தினம் வெட்டீருங்க. ஒரு பூ செடியில நிக்கக் கூடாது. நின்னுதுன்னா வந்து கேப்பேன்."

வெட்டினேன். இரண்டு வாரத்தில் கை பழகிவிட்டது. மூன்றாவது வார வெள்ளிக்கிழமை, ஏதாவது விட்டுப்போயிருக்கிறதா என்று மேல் பாத்தியில் பட்டாணிக் கொடிக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். என் சன்னலிலிருந்து தெரியாத மறைவில், சுவரை ஒட்டி ஒரு வரிசை லார்க்ஸ்பர், இடுப்புயரம். நுனியில் மட்டும் நீலப்பூ. கீழே பாதித் தண்டு வரை காய். இவ்வளவு நாள் கவனிக்காமல் விட்டுவிட்டோமே என்று பதறிப்போய், அத்தனையையும் அடியோடு வெட்டினேன். ஒரு கை அணைக்கும் அளவு வந்தது. அது எந்த வாளிக்கும் அடங்கவில்லை.

அன்று எங்கள் தெரு முனையில் பேக்கரி வைத்திருந்தவரின் மனைவி இறந்துபோனார். நெடுநாள் நெஞ்சுச்சளி. கத்தோலிக்கக் குடும்பம். நீலப்பூக் கட்டு முழுவதையும் அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தேன். அடக்கம் முடிந்து மண்மேட்டின் மேல் அதைத்தான் படுக்க வைத்தார்கள். பேக்கரிக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார். நல்ல காரியம் செய்த திருப்தியோடு வீட்டுக்கு வந்தேன்.

திங்கட்கிழமை அக்கா வந்தார். பெட்டியைப் படியில் வைத்துவிட்டு நேராகப் பட்டாணிக்குப் பின்னால் போனார். திரும்பி வர நேரமாயிற்று. திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

"எப்பங்க வெட்டுனீங்க?"

"வெள்ளிக்கிழமை காலையில."

"கீழ்க்காய் பச்சையா இருந்துச்சா, மஞ்சள் பாஞ்சிருந்துச்சா?"

எனக்குத் தெரியவில்லை. விபத்தில் சிக்கிய லாரியின் எண் முதல் டிரைவரின் சட்டை நிறம் வரை குறித்துக்கொள்கிறவன். காயின் நிறத்தைப் பார்க்கவில்லை.

"இதுதான் விதைக்கு விட்டது. இது ஒண்ணுதான்" என்றார். "போன வருச விதை மிச்சம் கிடையாதுங்க. எல்லாத்தையும் விதைச்சுட்டேன். பாத்தியில நிக்கறது இனிமே காய் புடிச்சாலும் மழைக்குள்ள முத்தாது. ஒரு வருசத்துக்கு மேல வெச்சாலும் அது மொளைக்காது."

"என்னை மன்னிச்சுருங்கக்கா. ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா..."

"சொல்லலீங்களே" என்றார். கத்தரிக்கோலைக் கேட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

பூ எங்கே போனது என்று தெருவில் விசாரித்து, மறுநாள் கல்லறைத் தோட்டத்துக்குப் போயிருக்கிறார். கட்டு காய்ந்து, மழையில் நனைந்து, பழுப்பாகக் கிடந்ததாம். சில காய்கள் வெடித்துக் காலியாக இருந்தன, மற்றவை அழுகியிருந்தன. ஒரு விதை கையில் அகப்படவில்லை. ஜூனில் கடைப் பொட்டலம் ஒன்றை வாங்கி விதைத்துப் பார்த்தார். அது இளஞ்சிவப்பாகப் பூத்தது. அதையும் வெட்டி ஆஸ்பத்திரிக்குக் கொடுத்தார்.

அக்டோபர் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை வேலிக்கு அழைத்தார். "தம்பி, கொஞ்சம் வர்றீங்களா?" அவர் என்னிடம் எதையும் கேட்டுப் பழக்கமில்லாததால் உடனே கிளம்பினேன். ஞாயிறுதோறும் அவர் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்வந்துகொண்டிருந்தது அன்றுதான் தெரிந்தது.

பேக்கரிக்காரர் மனைவியின் மண்மேட்டில் புல்லுக்கு நடுவே கொத்தமல்லித் தழை போல மெல்லியதாகக் கீறிய இலைகளோடு நாற்றுகள் நின்றன. முதலில் முளைத்தவை பதினொன்று. வெடித்த காயிலிருந்து மண்ணில் விழுந்த விதை, மழைக்காலம் முழுவதும் சும்மா கிடந்துவிட்டு, குளிர் தொட்டதும் முளைத்திருக்கிறது. அதில் இரண்டை அவர் மண்ணோடு பெயர்த்து வீட்டுப் பாத்தியில் வைத்துப் பார்த்திருக்கிறார். நான்கே நாளில் துவண்டு போயின. அந்தச் செடியின் வேர் ஒரே ஆணியாக இறங்குவது, தொட்டால் பிழைக்காது. மிச்சம் ஒன்பது. அவை அங்கேயே நின்று, பனியைத் தாண்டி, பூத்து, காய் முற்ற வேண்டும். மே மாதம் ஆகும்.

அதற்கு முன்னால் நவம்பர் இரண்டு, கல்லறைத் திருநாள். அந்த நாளுக்குள் எல்லாக் கல்லறைகளிலும் புல் செதுக்கி, சுண்ணாம்படித்துவிடுவார்கள். மண்ணும் நன்றாக அமர்ந்துவிட்டதால் பேக்கரிக்காரர் சிமென்ட் போட்டுக் கட்டிவிடக் கொத்தனாருக்குச் சொல்லியிருந்தார்.

அக்கா பேக்கரிக்குப் போனார். முதல் நாள் கால் கிலோ வர்க்கி வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டார். இரண்டாம் நாளும் கால் கிலோ வர்க்கி. இரண்டு பொட்டலங்களும் என் வீட்டுக்கு வந்தன. மூன்றாம் நாள், "நீங்களும் வாங்க. வெட்டுனது நீங்கதானுங்களே" என்றார்.

பேக்கரிக்காரர் அறுபதைத் தாண்டியவர். புருவம் வரை மாவு.

"என்ன அம்மிணி, மூணு நாளா வர்க்கி? ஊட்டுல விருந்தாளியா?"

"இல்லீங்ண்ணா. ஒண்ணு கேக்கோணும்."

"கேளுங்க."

அக்கா நின்றார். நான் வாயைத் திறந்தேன். கையைக் காட்டி அடக்கினார். பிறகு ஒரே மூச்சில் சொன்னார்: "அண்ணி மேல மொளைச்சிருக்கற செடியைப் புடுங்காம விடோணுங்க. சிமென்ட் வேலையை மே மாசத்துக்குத் தள்ளி வெச்சுக்கோங்க."

அவர் முதலில் சிரித்தார். பிறகு அவர் முகம் மாறியது.

"எல்லார்த்து கல்லறையும் சுண்ணாம்படிச்சு, செவ்வந்தி வெச்சு, மெழுகுவத்தி ஏத்தி ஜொலிக்கும். என்ற ஊட்டுக்காரிது மட்டும் களை மொளைச்சுக் கெடக்கோணுங்களா? சாமியார் மந்திரிச்சுக்கிட்டே வர்றப்ப என்னைப் பத்தி என்ன நெனப்பாரு?"

"களை இல்லீங்க."

"எனக்குக் களைதான். ஊட்டியில பூவுக்கா பஞ்சம் அம்மிணி? கார்டன்ல போனா வண்டி வண்டியா கெடக்குது."

"அது வேறீங்க."

"என்ன வேற?"

அப்போதுதான் சொன்னார். முன்பு கிளென்மார்கன் மின்திட்ட முகாமில் ஒரு சின்ன டெலிபோன் சுவிட்ச்போர்டு இருந்தது. அதில் ஒரு பெண் ஆபரேட்டர். தினமும் காலை ஏழு மணிக்கு லைன் ஓடுகிறதா என்று இருவரும் சோதிப்பார்கள். "ஊட்டி பேசறேன்." "கிளென்மார்கன். நல்லாக் கேக்குது." சோதனை முடிந்த பிறகு இரண்டு நிமிடம், அங்கே எவ்வளவு பனி, இங்கே எவ்வளவு பனி, நேற்று என்ன சமைத்தீர்கள் என்று பேசுவார்கள். ஏழு வருடம் அப்படிப் போனது. ஒருநாள் பஸ் கண்டக்டர் கையில் ஒரு தீப்பெட்டி வந்தது. உள்ளே கறுப்பாக, கடுகைவிடச் சின்னதாக விதை. மறுநாள் காலை சோதனைக்குப் பிறகு அந்தப் பெண், "மூடாம வளங்க. இங்க ஐஸுலயே நிக்குது" என்று சொன்னாராம். பின்னர் முகாமிலிருந்து போர்டை எடுத்துவிட்டார்கள். அவர் எந்த ஊருக்கு மாற்றலாகிப் போனார் என்று தெரியவில்லை.

"ஒரு எட்டு போயிப் பாத்திருக்கலாமே? பஸ்ஸேறினா ஒரு மணி நேரந்தான" என்றார் பேக்கரிக்காரர்.

"போலாம் போலாம்னே இருந்துட்டேங்க. காலையில ஏழு மணிக்கு எப்படியும் பேசப்போறோம்னு இருந்துட்டேன்." மப்ளரை இழுத்து விட்டுக்கொண்டார். "அவங்களை நான் பாத்ததே இல்லீங்ண்ணா. பூவைத்தான் பாத்தேன்."

செடிகளை மூடாமல் வளர்ப்பது அவருடைய கொள்கை என்று அதுவரை எண்ணியிருந்தேன்.

பேக்கரிக்காரர், "அடுப்புல தட்டு இருக்குது" என்று உள்ளே போய்விட்டார்.

நவம்பர் இரண்டாம் தேதி மாலை நானும் அக்காவும் போனோம். தோட்டம் முழுவதும் மெழுகுவர்த்தி. அந்த மேட்டில் சிமென்ட் இல்லை. பேக்கரிக்காரர் சுற்றிலும் கல் அடுக்கி, கல்லுக்கு மட்டும் சுண்ணாம்படித்திருந்தார். புல் ஒன்றும் இல்லை. கையால் ஒவ்வொன்றாகப் பிடுங்கியிருக்க வேண்டும். ஒன்பது நாற்றும் நின்றன. எது எது என்று தெரியாமல் அதே சாயலில் இருந்த இரண்டு களையையும் விட்டுவைத்திருந்தார். அக்கா அதைப் பார்த்தார், பிடுங்கவில்லை.

"ஒண்ணு மட்டுங்க அம்மிணி. பூத்தா நீங்க வெட்டக் கூடாது. அவளுக்கே இருக்கட்டும்" என்றார் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்த பேக்கரிக்காரர்.

"வெட்டலீங்க."

"நுனியைக் கிள்ளறீங்களாமே? அதுவும் வேண்டாம்."

இதை அவருக்குச் சொன்னவன் நான்தான். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "கிள்ளலீங்க" என்றார்.

டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முதல் உறைபனி விழுந்தது. வழக்கமான பனிப் படம் எடுக்கக் கேமராக்காரரோடு போனவன், காலையில் கல்லறைத் தோட்டத்தையும் எட்டிப் பார்த்தேன். மேட்டின் மேல் மிலார் தழை கனமாகப் போர்த்தியிருந்தது. பேக்கரிக்காரர் இன்னொரு கட்டோடு நின்றுகொண்டிருந்தார். எதிரே அக்கா.

"அதை எடுத்துருங்க. அது பனியில நிக்கற செடி."

"செடிக்கு இல்லீங்க அம்மிணி."

"பின்ன?"

"அவளுக்குக் குளுரு ஆகாது. ஊட்டுக்குள்ளயே மூணு கம்பளி போட்டுக்கிட்டுத்தான் படுப்பா. இந்தப் பனியில வெறுசா கெடக்கறான்னு நெனச்சா எனக்குத் தூக்கம் வரலீங்க. இந்நேரத்துக்கு சிமென்ட்டாவது இருந்திருக்கும். அதையும் நீங்க வேண்டாம்னுட்டீங்க." அவர் குரல் உயர்ந்தது. "என்ற பொண்டாட்டிக்குப் போத்தி உடறதுக்கு உங்ககிட்டக் கேக்கோணுங்களா?"

அக்கா, "போத்துங்கண்ணா" என்றார். "காலையில வெயில் ஏறுனதும் மட்டும் எடுத்து உட்டுருங்க. காத்து போகோணும்."

அவர் தலையாட்டினார். ஆனால் காலையில்தான் பேக்கரியில் அடுப்பு வேலை. சில நாள் மதியம் எடுத்தார். பல நாள் எடுக்கவே இல்லை. அக்காவுக்குக் காலை ஷிப்ட். ஷிப்ட் முடிந்து மத்தியானம் போய்த் தழையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, அவர் வைத்தபடியே விட்டு வருவார். ஜனவரியில் நாற்றுகள் ஒவ்வொன்றாகக் கழுத்தில் கறுத்து விழுந்தன. மாதக் கடைசியில் எண்ணினால் நான்கு.

திரும்பி நடந்து வரும்போது நான் கேட்டேன், பனியா என்று.

"பனி இல்லீங்க தம்பி. நனைஞ்ச தழை மேலயே கெடந்து அழுகிப்போச்சு. மூடாம இருந்திருந்தா ஒம்போதும் நின்னிருக்கும்."

"அவர்கிட்டச் சொல்லீரலாமே. மிச்சம் இருக்கற நாலும் தப்பிக்கும்."

அக்கா மறுநாளிலிருந்து மதியச் சாப்பாட்டுக்கு முன்பே கல்லறைக்குப் போய்த் தழையை விலக்கி, பொழுது சாய பேக்கரிக்காரர் வருவதற்குள் பழையபடி போர்த்திவிட்டு வந்தார். பிப்ரவரி நடுவில் பனி நிற்கும்வரை அப்படிச் செய்தார்.

மார்ச்சில் நான்கும் எழும்பின. கிள்ளாததால் ஒவ்வொன்றும் ஒற்றைத் தண்டு. ஏப்ரலில் பூத்தன. நான்கும் அதே மை நீலம். அக்கா ஞாயிறுதோறும் போய் மேட்டுக்கு எதிரே நிற்பார். கீழ்ப்பூ விரிந்து, வெளிறி, இதழ் உதிர்ந்து, காயாகும் வரை நின்று பார்த்தார். விதை வரிசையைத் தவிர வேறு எங்கும், பூ முழுவதும் விரிந்து வாடுவதை அவர் விட்டுப் பார்த்தது அதுதான் முதல் தடவையாக இருக்க வேண்டும். கை இரண்டு முறை இடுப்புக்குப் போனதைக் கவனித்தேன். கத்தரிக்கோலை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார்.

மே மாதம் இரண்டாவது வாரம் கீழ்க்காய்கள் மஞ்சளாகி, வாய் திறக்கத் தொடங்கின. இந்த முறை நிறத்தைப் பார்த்து வைத்தேன். பேக்கரிக்காரர் கொத்தனாரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். மணல் குவித்து, சிமென்ட் மூட்டையைப் பிரித்து வைத்துக்கொண்டு கொத்தனார் வாயிற்கதவோரம் பீடி புகைத்தார். அக்கா குனிந்து ஒவ்வொரு காயாக எடுத்து, டெலிபோன் பில் வரும் பழுப்பு உறையில் தட்டினார். கறுப்பு விதை உறைக்குள் சரிந்து விழும் சத்தம் கேட்டது. நான்கு செடியில் உறையின் கால்வாசி நிறைந்தது. ஐந்து பாத்திக்கு அது போதும்.

பேக்கரிக்காரர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மேட்டில் வெற்றிடமாக இருந்த ஐந்து இடங்களையும் பார்த்தார். மாவு ஒட்டிய விரலால் ஒன்றைக் காட்டினார்.

"ஒம்போது இருந்துதில்லீங்களா அம்மிணி?"

"இருந்துச்சுங்க."

"அஞ்சு எப்படிப் போச்சு?"

நான் அக்காவைப் பார்த்தேன். அவர் அடுத்த காயை எடுத்து உறையில் தட்டினார்.

"பனிக்குப் போச்சுங்ண்ணா. இந்தத் தடவை பனி அதிகம். நீங்க மூடுனதாலதான் நாலாச்சும் நின்னுது."

அது பொய் என்று அங்கே நின்றவர்களில் இருவருக்குத் தெரியும்.

"நாஞ் சொல்லலீங்களா, குளுரு ஆகாதுன்னு" என்றார் பேக்கரிக்காரர். கொத்தனாரைப் பார்த்துக் கையசைத்தார்.

"ஆமாங்க" என்றார் அக்கா. உறையின் வாயை இரண்டாக மடித்தார். கொத்தனார் வருவதற்கு வசதியாகச் சற்றுத் தள்ளி நின்றுகொண்டார்.